சரக்கெடுக்க வருபவருக்கு ஓர் இரவு தங்க இடம்

வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை, கடன் பாக்கி என்று நமக்குள்ள தொல்லைகளை எல்லாம் நமது இதழில் பேசுகிறோம். ஆனால் கொள்முதலுக்காகச் சென்னைக்குப் போகும் வெளியூர் வியாபாரி இரவு எங்கே படுக்கிறார், எப்படிப் படுக்கிறார் என்று பேசியதாக எனக்கு நினைவில்லை. அது அவரவர் சொந்தச் செலவு, அவரவர் பாடு என்று விட்டுவிட்டோம். அப்படி விடக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருப்பவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரிமுனைக்குப் போய்ச் சரக்கெடுத்து வருகிறேன். முந்திரி, திராட்சை, ஏலம், கிராம்பு கொத்தவால் சாவடிப் பக்கம். பேப்பர், நோட்டு, கவர் ஆண்டர்சன் தெரு. பண்டிகை நாட்களில் கொஞ்சம் ஃபேன்சி சாமான் காசி செட்டித் தெரு. நாலு கடை ஏறி இறங்கி, சாம்பிள் பார்த்து, விலை பேசி, பழைய பாக்கியில் கொஞ்சம் கட்டி, லாரி புக்கிங் ஆபீசில் பில்டி வாங்கி முடிக்க ஒரு பகல் போதாது. ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். நம்மைப் போன்ற சிறு வியாபாரிக்குப் பெரிய ஓட்டல் கட்டுப்படியாகாது. மண்ணடியிலோ சௌகார்பேட்டையிலோ ஒரு லாட்ஜ்தான் கதி.

ஜார்ஜ் டவுன் வணிகர்களால் வளர்ந்த ஊர். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட இடம் பெற்ற பிறகு, அதை ஒட்டி நெசவாளரும் துபாஷிகளும் வியாபாரிகளும் குடியேறினர். வெள்ளைக்காரன் அதற்குக் 'கறுப்பர் பட்டணம்' என்று பெயர் வைத்தான். இளவரசராக இருந்த ஐந்தாம் ஜார்ஜ் வந்து போனதை ஒட்டி 1906-ல் ஜார்ஜ் டவுன் என்று மாற்றினான். தெருப் பெயர்களைப் பாருங்கள்! பவளக்காரத் தெரு, ஆர்மேனியன் தெரு, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு. தமிழர், தெலுங்கர், ஆர்மேனியர், குஜராத்தி, மார்வாடி என எல்லோரும் தொழில் செய்த இடம்.

வியாபாரம் உள்ள இடத்தில் வெளியூர்க்காரர் தங்க இடம் இருப்பது பழைய மரபு. பல நாட்டு வணிகர்கள் வந்து தங்கிய புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நகரத்தார் காசியில் சத்திரம் கட்டினார்கள். சென்னை சென்ட்ரல் எதிரே இராமசாமி முதலியார் சத்திரத்தைக் கட்டியவரும் வணிகத்தில் பொருள் சேர்த்தவரே. வந்தவன் நிம்மதியாகத் தூங்கி எழுந்தால்தான் நாளை வியாபாரம் நடக்கும் என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாரிமுனையைச் சுற்றி இத்தனை லாட்ஜுகள் வந்ததற்கும் காரணம் உண்டு. வெளியூர் பஸ்கள் அப்போது பிராட்வேயில் வந்து நின்றன. விடியற்காலை பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டு, பத்து நிமிடம் நடந்தால் அறை. குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இறங்கினால் மார்க்கெட். பிறகு எல்லாம் மாறியது. 1996-ல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் பஸ் நிலையமும் அங்கே போனது. 2023 டிசம்பர் இறுதியில் தென்மாவட்ட பஸ்களுக்குக் கிளாம்பாக்கம் என்றாகிவிட்டது. அங்கிருந்து பாரிமுனை முப்பது கிலோமீட்டருக்கு மேல். 2019 பிப்ரவரியில் மண்ணடிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் மெட்ரோ வந்தது ஓர் ஆறுதல். ஆனாலும் பயணம் நீண்டுவிட்டதால், முன்பு ஒரே நாளில் திரும்பியவர்கூட இன்று தங்க வேண்டியிருக்கிறது.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2025 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போனேன். வழக்கமாகத் தங்கும் இடத்தில் அறை இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ். பெயர் வேண்டாம். மூன்றாம் மாடியில் அறை, வாடகை எண்ணூறு ரூபாய். காலை ஆறு மணிக்குச் சாவி வாங்கினேன்.

"அண்ணாச்சி, கணக்கு பகல் பன்னிரண்டோட முடிஞ்சிரும். நாளைக்குக் காலையில போறீங்கன்னா ரெண்டு நாள் வாடகை" என்றார் மேஜையில் இருந்த தம்பி. "இதை முன்பணம் வாங்கும் முன்னால சொல்லக் கூடாதா தம்பி?" என்றேன். சுவரைக் காட்டினார். காலண்டருக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு போர்டு இருந்தது! மெத்தையில் மூட்டைப்பூச்சி. குழாயில் தண்ணீர் காலை எட்டு மணியோடு சரி. இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான். நான் சொல்ல வந்த விஷயம் இது அல்ல.

இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுத் திரும்பினேன். படிக்கட்டில் ஒருவர் ஏறுவதற்கு மட்டும் வழி. மறுபாதி முழுதும் அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் கட்டுமாக இரண்டாம் மாடி வரை அடுக்கியிருந்தது. நான் ஏறியதும் ரூம் பையன் கீழே இரும்புக் கிரில்லை இழுத்துப் பூட்டினான். "சாவி யாரிடம்?" என்று கேட்டேன். "மேனேஜர் எடுத்துட்டுப் போயிட்டாரு, காலையில அஞ்சு மணிக்கு வருவாரு" என்றான். அந்தக் கட்டடத்துக்கு வேறு படிக்கட்டு கிடையாது. என் அறை ஜன்னலுக்கு வெளியே கம்பி, கம்பிக்கு வெளியே விளம்பரப் பலகை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி இரவு கல்கத்தாவில் நடந்தது நினைவுக்கு வந்தது. அங்கே படாபஜார் என்பது நம் பாரிமுனை போன்ற பழைய மொத்த வியாபாரப் பகுதி. அங்குள்ள ஒரு சாதாரண ஓட்டலில் தீப்பிடித்துப் பதினான்கு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நெருப்பில் வேகவில்லை, புகையில் மூச்சுத் திணறி மாண்டார்கள். இறந்தவர்களில் நம் கரூர் மாவட்டத்துப் பெரியவர் ஒருவரும் அவருடைய பேரக் குழந்தைகள் இருவரும் உண்டு. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல்பாக்கில் ஓர் ஓட்டலில் இதே போலப் பதினேழு பேர் போனார்கள். ஒற்றைப் படிக்கட்டு உள்ள கட்டடத்தில் கீழே தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். அதில் பிளாஸ்டிக்கும் அட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே இருப்பவன் கண் விழிப்பதற்குள் வழி அடைந்துவிடும்.

விடிந்ததும் இறங்கி வரும்போது அந்தக் கட்டுகளைக் கவனித்துப் பார்த்தேன். கீழ்த்தளத்து மொத்தக் கடைகளின் சரக்குகள் அவை. லாரி வரும்வரை படிக்கட்டில் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு கட்டின் மேல் கறுப்பு மையில் என் கடைக் குறி! முந்தின நாள் நானே விலை பேசி, நானே பில் போட்ட சரக்கு. இரவு முழுதும் யாரைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தேனோ, அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

ஆகவேதான் சொல்கிறேன், இது லாட்ஜ்காரரின் குற்றம் மட்டும் அல்ல. கீழே கடை வைத்திருக்கும் நாமும் வழியை அடைக்கிறோம். மேலே படுத்திருப்பவர் யார்? நம்மிடம் சரக்கு வாங்க வந்த வாடிக்கையாளர்! கடையில் நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, "வாங்க அண்ணாச்சி" என்று உபசரிக்கும் நாம், இரவு அவர் இறங்கும் வழியில் பெட்டியை அடுக்கி வைக்கிறோம்.

லாட்ஜ் நடத்துபவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவரும் நம்மைப் போல் ஒரு வியாபாரி. பழைய கட்டடம், பலருக்குப் பங்குள்ள சொத்து, ஓர் ஆணி அடிக்கவும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். "செலவு செய்து வாடகையை ஏற்றினால் நீங்களே வர மாட்டீர்களே" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். உண்மைதான். ஐம்பது ரூபாய் குறைவு என்றால் அடுத்த தெருவுக்கு ஓடுகிறவர்கள் நாம்தான். ஆனால் படிக்கட்டைக் காலியாக வைக்கவும், கிரில் சாவியை இரவுக் காவலரிடம் கொடுத்து வைக்கவும், வாடகைப் போர்டைக் கண்ணில் படும்படி மாட்டவும் பணம் தேவையில்லை, மனம் போதும். 1867-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சராய் சட்டத்திலேயே, விடுதியைச் சுத்தமாக வைக்க வேண்டும், காவல் போட வேண்டும், கட்டண விவரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று கடமைகளாகச் சொல்லியிருந்தது. இது ஒன்றும் புதிய கோரிக்கை அல்ல.

"இப்போதுதான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் சரக்கு வந்துவிடுகிறதே, எதற்குப் போய்த் தங்க வேண்டும்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். ஏலக்காயின் மணம் படத்தில் வராது. மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் வாங்கியவன் நஷ்டப்பட்ட கதை நமக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் என்பது முகத்துக்குக் கொடுப்பது. நேரில் வந்து உட்கார்ந்து பேசியவனுக்குத்தான் நெருக்கடி நேரத்தில் இரண்டு வாரம் கெடு கிடைக்கும். சிறு வியாபாரி பாரிமுனைக்கு வருவதை நிறுத்தினால், அவன் பெரிய கம்பெனிகளின் மொத்த விற்பனைக் கூடத்துக்கோ ஆன்லைனுக்கோ போய்விடுவான். அப்புறம் நம் மொத்த வியாபாரிக்கு யார் வாடிக்கை?

எனவே சங்கம் முன்னின்று செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது, லாட்ஜ் உள்ள கட்டடங்களில் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள், படிக்கட்டிலும் நடைவழியிலும் சரக்கு வைப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மீறுபவரைச் சங்கமே கண்டிக்கட்டும். இரண்டாவது, லாட்ஜ் நடத்துவோரை அழைத்துப் பேசி, காலியான படிக்கட்டு, இரவில் கைக்கெட்டும் சாவி, வேலை செய்யும் தீயணைப்பு சிலிண்டர், வெளிப்படையான வாடகை, சுத்தமான படுக்கை ஆகிய ஐந்தும் உள்ள இடங்களின் பட்டியலை நம் இதழில் வெளியிடலாம். பட்டியலில் உள்ளவர்களுக்கு நம் ஆட்களை அனுப்புவோம். நிச்சயமான வாடிக்கை கிடைத்தால் அவர்களும் செலவு செய்யத் தயங்க மாட்டார்கள். மூன்றாவது, விடியற்காலை வருகிற வியாபாரிக்கு இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு வேண்டும் என்று கேட்கலாம்.

சரக்கெடுக்கப் போகும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு முறை மாடி ஏறிப் பாருங்கள். வேறு வழி உண்டா, ஜன்னல் திறக்கிறதா, இரவில் சாவி யாரிடம் என்று கேளுங்கள். மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மூட்டைப்பூச்சி உங்கள் பையோடு ஊர் வந்து சாக்கில் ஏறிக்கொள்ளும். பில் கேட்டு வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் வரையிலான அறைக்கு முன்பு வரியில்லை. 2022 ஜூலை 18 முதல் பன்னிரண்டு சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரையிலான அறைக்கு ஐந்து சதவீதம் என்றானது. ஜி.எஸ்.டி. எண் இல்லாத பில்லில் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அன்று ஊர் திரும்பும் முன் அந்த மொத்தக் கடை முதலாளியிடம் போய், படிக்கட்டில் கிடந்த என் கட்டுகளைப் பற்றிச் சொன்னேன். இருபது ஆண்டுப் பழக்கம். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடைப் பையன்களைக் கூப்பிட்டு, "இனிமே படியில ஒரு பெட்டி இருக்கக் கூடாது" என்றார். பிறகு தைமாதம் போனபோது பார்த்தேன். அவர் பெட்டிகள் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் பெட்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன!

ஒருவர் மட்டும் திருந்தினால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மே 5 வணிகர் தினத்தன்று நாம் எத்தனையோ தீர்மானங்கள் போடுகிறோம். இம்முறை அரசாங்கத்தைக் கேட்கும் தீர்மானங்களோடு, நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒன்றும் சேரட்டும். நம் வாடிக்கையாளர் இறங்கும் படிக்கட்டை நாம் அடைக்க மாட்டோம் என்பதே அது.