சட்டம் அறிவோம்: குக்கர் வெடித்தால் யாரைக் கேட்பது?



பான் நகரில் வசிக்கும் ஒரு சகோதரி சென்ற மாதம் தொலைபேசியில் கேட்ட விடயத்தையே இம்முறை எழுதுகிறேன். பருப்பு அவியும்போது பிரஷர் குக்கரின் மூடி எகிறிக் கொதிநீர் கையிலும் கழுத்திலும் பட்டு, ஒன்பது நாட்கள் வைத்தியசாலையில் இருந்திருக்கிறார். குக்கரை வாங்கியது எம்மவர் கடையொன்றில். "தெரிஞ்ச மனிசனோடை கோட்டுக்குப் போறதே அண்ணை? எங்கடை விசாவுக்கும் ஏதும் வந்திடுமோ?" என்று கேட்டார்.

யேர்மனியில் பொருட்பொறுப்புச் சட்டம் 1990 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழுதான பொருளால் காயப்பட்டவர், உற்பத்தியாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருந்தது, காயம் ஏற்பட்டது, அந்தக் குறையாலேயே ஏற்பட்டது, இம்மூன்றையும் காட்டினால் போதும். சோடாத் தண்ணீர்ப் போத்தல் வெடித்துப் பிள்ளையொன்று காயப்பட்ட வழக்கில், கண்ணாடியிலிருந்த மயிரிழை வெடிப்பை எந்தச் சோதனையிலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று நிறுவனம் வாதாடியது. யேர்மன் உச்ச நீதிமன்றம் 1995 இல் அதை ஏற்கவில்லை. இச்சட்டம் காயப்பட்டவரின் பிரசாவுரிமையைக் கேட்பதுமில்லை.

சரி, உற்பத்தியாளர் இந்தியாவில் இருந்தால்? எம்மவர் பலர் தவறுவது இங்கேதான். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வியாபாரத்துக்காகப் பொருளை இறக்கியவரையும் சட்டம் உற்பத்தியாளராகவே கருதுகிறது. கடைக்காரர் பாரிசிலுள்ள இறக்குமதியாளரிடம் வாங்கி விற்றிருந்தால், நீங்கள் கேட்டு ஒரு மாதத்துக்குள் அவருடைய பெயர் விலாசத்தைத் தந்தால் இச்சட்டப்படி கடைக்காரர் விடுபடுவார். ஆனால் இலண்டன் மொத்த வியாபாரியிடம் வாங்கி வந்தவர் கவனிக்க வேண்டும். பிரித்தானியா ஐரோப்பியச் சந்தையை விட்டு நீங்கிய 2021 இலிருந்து, அங்கிருந்து கொண்டுவருபவரே இறக்குமதியாளர். கடை வைத்திருக்கும் எமது சகோதரர்களுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன். ஊரிலிருந்து நீங்களே சூட்கேசில் கொண்டுவந்த குக்கருக்கு இங்கே பொறுப்பாளி எவரும் இல்லை.

தெரிந்த மனிதர் என்ற தயக்கம் எனக்கும் விளங்குகிறது. முதலில் அவரிடம் தொழிற் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பேசப் போவது காப்புறுதி நிறுவனம்தான், அவரது கல்லாப்பெட்டி அல்ல. ஆனால் அந்த நிறுவனம் ஒரு தொகையைக் குறித்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற பத்திரத்தை அனுப்பினால் சட்டத்தரணிக்குக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். தழும்புக்குப் பின்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டாலும் கேட்க முடியாமல் போய்விடும்.

சட்டத்தரணிக்குப் பணம் எங்கே என்பீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை உதவிச் சட்டம் 1981 முதல் இருக்கிறது. பானில் வில்ஹெல்ம்ஸ்ட்ராசவிலுள்ள அம்ற்ஸ்கெறிக்ற்றுக்குச் சம்பளத் துண்டு அல்லது சோசல் அம்ற் கடிதம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விபரம், கடவுச்சீட்டு அல்லது வதிவிட அட்டை ஆகியவற்றுடன் சென்று 'பெறாட்டுங்ஸ்கில்ஃப ஷைன்' கேளுங்கள். அது கிடைத்தால் நீங்கள் விரும்பும் சட்டத்தரணி உங்களிடம் 15 யூரோ மட்டுமே கேட்கலாம். வழக்குப் போடுவதானால் வழக்குச் செலவு உதவிக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். வெல்லும் வாய்ப்பு உண்டா என்றும் நீதிமன்றம் பார்க்கும். ஒன்றை மறைக்கக் கூடாது: தோற்றால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் செலவு உங்கள் தலையில்தான் விழும். மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிச் செல்லாதீர்கள். தாயின் காயத்தை விபரிக்கும் வேலை பிள்ளைக்கு வேண்டாம்.

நட்டஈடு கிடைத்தால் சோசல் அம்ற் பிடித்துக்கொள்ளுமா? வீதி விபத்தில் காயப்பட்ட பொஸ்னிய அகதிக் குடும்பமொன்றுக்கு 25,000 மார்க் வேதனைப் பணம் கிடைத்தது. அதைச் செலவழித்து முடிக்கும்வரை உதவிப் பணம் இல்லை என்று அலுவலகம் மறுத்தது. 2006 ஜூலை 11 இல் கார்ல்ஸ்ரூவவிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. இப்போது அகதிகள் உதவிச் சட்டத்திலேயே வேதனைப் பணத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டுள்ளது. ஆகவே காப்புறுதியின் கடிதத்தில் வேதனைப் பணம் எவ்வளவு, உழைப்பு இழப்பு எவ்வளவு என்று பிரித்துக் குறிப்பிடச் சொல்லுங்கள். விசாப் பயத்துக்கும் இடமில்லை. நட்டஈடு கேட்பது குடியியல் வழக்கு, அது அகதி விண்ணப்பத்தின் பகுதியல்ல.

காயமும் குறையும் பொறுப்பாளியும் தெரியவந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். பொருள் சந்தைக்கு வந்து பத்து ஆண்டுகள் கடந்தால் இச்சட்டப்படி உரிமையே அற்றுப்போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் கொண்டுவந்த புதிய நெறிமுறை 2026 டிசம்பர் 9 இன் பின் சந்தைக்கு வரும் பொருட்களுக்கே உரியது. உங்கள் அடுப்படியில் ஏற்கனவே இருக்கும் குக்கருக்குப் பழைய சட்டம்தான்.

சகோதரியின் கணவர் குக்கரைக் கழுவித் துடைத்துக் கெல்லரில் வைத்திருக்கிறார். கழுவாமல் விட்டிருந்தால் இன்னும் நல்லது. மூடி, வால்வு, றப்பர் வளையம் எல்லாம் இருக்கின்றன, பற்றுச்சீட்டுத்தான் இல்லை. வாங்கும்போது கூடச் சென்ற மைத்துனி சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அம்ற்ஸ்கெறிக்ற்றுக்குப் போகிறோம்.