டிரை சம்ப் மோகமும் கடைமடை பேரிங்கும்

"என்னங்க, இன்னும் வெட் சம்ப்தானா? டிராக்டர் மாதிரி?"

டிராக் ரேஸுக்குக் கார் கட்டுறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா, மூணாவதா வர்ற ஆள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார். சம்பா விளையுற தஞ்சாவூர்க்காரன் எனக்கு இந்த 'டிராக்டர்' நக்கல் ஒத்துக்கலை. அதான் இந்தப் பதிவு.

சம்பா தெரிஞ்சு சம்ப் தெரியாத மக்களுக்கு மட்டும் ரெண்டு வரி. எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டிதான் சம்ப். அங்கேயே கிடக்கிற ஆயிலை பம்ப் உறிஞ்சி பேரிங்குகளுக்கு அனுப்பினா வெட் சம்ப். கீழே வடியுற ஆயிலைத் தனி பம்ப்புகள் இழுத்து, வெளியே வச்ச டேங்கில் சேர்த்து, அங்கிருந்து அனுப்பினா டிரை சம்ப்.

டிராக் ரேஸ்னா 402 மீட்டர், நேர்க்கோடு. வேகம் ஒரே சீரா கூடி 12 விநாடியில் முடியுதுன்னு வச்சுக்கிட்டா, தொட்டியில் ஆயில் மட்டம் சுமார் 30 டிகிரி பின்பக்கமா சாயும். கோட்டைத் தாண்டி பிரேக்கை மிதிச்சா அதே ஆயில் முன்னாடி ஓடும். அந்த நேரத்தில் உறிஞ்சு குழாய் காத்தைக் குடிச்சா பேரிங் காலி. பிரச்சனை இவ்வளவுதான். வளைவு கிடையாது, அரை மணி நேர ஓட்டமும் கிடையாது.

இதுக்குப் போய் அறுவடைக் காசை மொத்தமா இறக்கணுமா?

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தா மட்டும் போதுமா? வாய்க்கால் தூர்வாரி, மதகு சரியா இருந்தாத்தானே கடைமடைக்குத் தண்ணி வரும்? எஞ்சினிலும் அதே கதைதான். உறிஞ்சு குழாயைச் சுத்தி தடுப்புத் தகடு, ஆயிலை உள்ளே மட்டும் விடுற ஒருவழிக் கதவு, கிராங்க் ஆயிலை அடிச்சு நுரையாக்காம இருக்க நடுவில் ஒரு தகடு. இதைச் செய்யாம லிட்டர் கணக்கில் கூடுதலா ஊத்துறவர், வாய்க்காலை விட்டுட்டு அணையை உயர்த்துறவர்.

சோழவரம் பழைய விமான ஓடுதளத்திலயும் இருங்காட்டுக்கோட்டையிலயும் ஓடின வண்டிகளில் ஏராளமானவை ரோட்டுக் காரைத் திருத்திக் கட்டினவை. மாருதி 800, ஹோண்டா சிட்டி மாதிரி வண்டியில் எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும். ஆயில் எஞ்சினோட கடைசி முனைக்குப் போகாது, டிரைவர் பக்கத்துச் சுவரில் ஏறும். அமெரிக்க வி8 படத்தைப் பார்த்து தொட்டி செஞ்சா வேலைக்கு ஆகாது.

"அமெரிக்காவில் எல்லாரும் டிரை சம்ப்தான்"னு ஒரு வாதம் வரும். இல்லீங்கண்ணா. உலகத்திலேயே முரட்டு டிராக் வண்டியான டாப் ஃபியூயல், 10,000 குதிரைச் சக்திக்கு மேல, வெட் சம்ப்பில்தான் ஓடுது. தொட்டியில் சுமார் 15 லிட்டர் ஆயில்! புரோ ஸ்டாக் வண்டிகளில் டிரை சம்ப் இருக்கு, உண்மைதான். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சினில் ஒவ்வொரு குதிரையையும் சுரண்டி எடுக்கணும், கிராங்க் அறையில் வெற்றிடம் வேணும். அது அவங்க தேவை. உங்க தேவை என்ன?

இன்னொண்ணு. டிரை சம்ப்னா கூடுதலா ஹோஸ், கூடுதலா இணைப்பு, ஒரு பெல்ட். ஒவ்வொரு இணைப்பும் ஒழுகக்கூடிய இடம். ஒழுகின ஆயில் உங்க டயருக்கு அடியில, அடுத்து வர்றவன் டயருக்கும் அடியில. அங்க போறது காசு இல்லை, உயிர்.

கடைசியா டிராக்டர். கேஜ் வீல் மாட்டி சேத்துழவு ஓட்டும்போது, மூக்கைத் தூக்கி வரப்பு ஏறி இறங்குற வண்டி அது. பேரிங் ஏன் போறதில்லை? அந்தச் சாய்வுக்குன்னே தொட்டியை வடிவமைச்சிருக்கான். யோசிச்சுச் செஞ்சதை நக்கலடிச்சுட்டு, யோசிக்காம வாங்கினதுக்குப் பெருமைப்படுறது என்ன நியாயம்?

முதல்ல ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டுங்க. ஓட்டத்திலயும் பிரேக்கிலயும் முள் விழுதான்னு பாருங்க. விழுந்தா தொட்டியைத் திருத்துங்க. அப்புறமும் விழுந்தா டிரை சம்ப் பத்திப் பேசலாம்.

டிஸ்கி: திட்டுறவங்க பின்னூட்டத்தில் திட்டலாம். ஆனா மீட்டர் என்ன காட்டுச்சுன்னு சொல்லிட்டுத் திட்டுங்க.