வெறுங்கையோடு போகலாமா?

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் பாட்டிமார் சொல்லும் சொல். குழந்தைகள் நிறைந்த பள்ளிக்கூடத்துக்கு, அதுவும் கடல் கடந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியருக்கு அச்சொல் பொருந்தாதா?

நாம் தங்கிப் படிக்கும் இப்பஞ்சாப் மண்ணிலிருந்து 2024 அக்டோபரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 72 பேர் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டனர். அதே மாதம் தமிழ்நாட்டு ஆசிரியர்களும் பிரான்சுக்குச் சென்றுவந்தனர். பாராட்டத்தக்க முயற்சிகள். ஆனால், புறப்படும் ஆசிரியரை நாம் எவ்வாறு ஆயத்தம் செய்கிறோம்?

சண்டிகரை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மாதம் ஒருமுறை சிறுவர்களுக்கு அறிவியல் சோதனைகள் செய்துகாட்டி வருகிறேன். அங்குள்ள ஆசிரியர் ஒருவர் இத்தகைய பயணம் ஒன்றுக்குத் தேர்வானார். கம்பளிச் சட்டை, கனத்த காலுறை, ஊறுகாய்ச் சீசா என்று தம் பட்டியலைக் காட்டினார். “எந்தப் பாடத்தை எடுத்துப்போகிறீர்கள், மாஸ்டர்ஜி?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கற்றுக்கொள்ளத்தானே போகிறோம், பேட்டா! கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?”

அந்த விடை என்னைச் சுட்டது. ஏனெனில், அது என்னுடைய விடையும்கூட. என் தாய் தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியை. ஓர் அறையில் மூன்று வகுப்புகளை ஒருங்கே நடத்துபவர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கொண்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தரச் செய்வார்; இருவருமே கற்பார்கள். அதை நான் ஒரு திறமையாக எண்ணியதில்லை. வறுமை என்றே எண்ணினேன். விடுதி நண்பர்களிடம் சொல்லவும் நாணினேன். பின்லாந்தின் நாட்டுப்புறச் சிறு பள்ளிகளிலும் பல வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் அமர்வதுண்டு என்று பின்னர் படித்தபோது தலைகுனிந்தேன். அந்த ஊர் ஆசிரியையும் என் தாயும் சந்தித்தால் பேச எவ்வளவு இருக்கும்!

இன்னொன்று. பின்லாந்தில் 1948 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு உண்டு. அந்நாட்டார் அதில் பெருமை கொள்கிறார்கள். காமராசர் ஆட்சியில் 1956இல் நம் பள்ளிகளில் மதிய உணவு வந்ததையும், 2022இல் காலை உணவு தொடங்கியதையும் அவர்களுக்கு யார் சொல்வது? பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இரு நாடுகளும் தனித்தனியே கண்டுகொண்டன. அங்கே தொடங்கலாமே பேச்சை!

பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் கை நீள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வாங்கினால் அது கடன்.

ஆகவே என் கருத்து இது. போகும் ஆசிரியர் முதலில் தம் பள்ளியை அயலார் கண்ணோடு ஒரு வாரம் உற்றுப் பார்க்கட்டும். தம் மாணவர் செய்த ஒரு பொருளையும், தாம் நன்கு நடத்தும் ஒரு பாடத்தையும் பெட்டியில் வைக்கட்டும். ‘எப்படி இவ்வளவு சிறப்பாகச் செய்கிறீர்கள்?’ என்பதோடு, ‘எங்கே தோற்றீர்கள்?’ என்றும் கேட்கட்டும். திரும்பியபின் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிக் கண்டதைச் சொல்லட்டும். அரசும் அந்நாட்டு ஆசிரியர்களை இங்கே அழைத்து நம் வகுப்பின் பின்பெஞ்சில் அமரச் செய்யட்டும்.

மாஸ்டர்ஜி புறப்பட்ட அன்று அவர் பெட்டியில், கம்பளிச் சட்டைக்கு நடுவே, அவருடைய மாணவர்கள் காலி அட்டைப்பெட்டியில் செய்த ஊசித்துளைக் காமிரா ஒன்று இருந்தது. அதை விளக்க ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. சாளரத்தின் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும். தலைகீழாய்த் தெரியும் மரத்தைக் கண்டு எந்நாட்டுக் குழந்தையும் சிரிக்கும்.

தோழர்களே, நம்மில் பலர் நாளை ஆராய்ச்சிக்காக வெளிநாடு செல்வோம். நம் பெட்டியில் என்ன வைக்கப்போகிறோம்?