வண்டுக்கு வைக்கும் மாத்திரை

மூட்டையில் வண்டு விழுந்தால் நஷ்டம் நமக்குத்தான். வாங்கிய இடத்தில் திருப்பி எடுக்கமாட்டார்கள். வாடிக்கையாளரோ கடைவாசலில் கொட்டிக் காட்டுவார். அதற்காகக் கிட்டங்கியில் நாமே மாத்திரை வைப்பது சரிதானா? கூடவே கூடாது என்பது என் கருத்து.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை வெளிவிடும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. அதனால்தான் அரசு நிறுவனங்களுக்கும், அரசு நிபுணர் மேற்பார்வையில் பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கும் மட்டுமே அதை விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. நம்மில் பலருக்குக் கடைக்குப் பின்னாலோ மாடியிலோதான் வீடு. கிட்டங்கியில் வைத்த வாயு, கதவிடுக்கு வழியே தூங்கும் பிள்ளைகளிடமும் போகும்.

வருமுன் காப்பதே லாபம். பயறு வண்டின் முட்டை பயறின் தோல்மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும். கொள்முதலின்போதே ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். அரிசியின் கூன்வண்டு மணிக்குள்ளேயே முட்டையிடும். வண்டு வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எனவே பழைய மூட்டை முதலில் விற்கட்டும். மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள். சிந்தியதை அன்றன்றே கூட்டுங்கள். பழைய சாக்கை வெயிலில் உலர்த்தாமல் உள்ளே விடாதீர்கள்.

அதையும் மீறி வண்டு பெருகினால், உரிமம் பெற்றவர்களை அழையுங்கள். பல கடைகள் சேர்ந்து அழைத்தால் செலவும் குறையும். சங்கமே இதற்கு ஏற்பாடு செய்யலாம். மூட்டை போனால் மறுபடி வாங்கலாம். வீட்டில் ஓர் உயிர் போனால் எந்தக் கணக்கில் எழுதுவது?