யாருக்காக இந்தச் சாலை?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருக்கிறீர்களா? அப்படியானால் மரக்காணத்தைக் கடந்திருப்பீர்கள். வெயிலில் பளபளக்கும் உப்புக் குவியல்களையும் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பை வாரியவர்கள் சாலையைக் கடக்க முடியாமல் ஓரத்தில் நின்றதைப் பார்த்தீர்களா?

மரக்காணம் நேற்று முளைத்த ஊரல்ல. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைத் தேடிச் செல்லும் பாணன் அந்தப் பட்டினத்தின் வழியாகத்தான் உள்நாட்டுக்குப் போகிறான். அம்மன்னனின் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. ஆக, மரக்காணம் - திண்டிவனம் வழி ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது!

பிறகு வெள்ளையன் வந்தான். 1806ல் சென்னையில் வெட்டத் தொடங்கிய கால்வாய் வடக்கே காக்கிநாடா வரையும், தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1877-78 பஞ்சத்தில் அடையாறு - கூவம் பகுதியை வெட்டியவை பட்டினி கிடந்த ஏழைகளின் கைகள். ஆனால் கால்வாய்க்குச் சூட்டப்பட்ட பெயரோ கவர்னர் பக்கிங்காமின் பெயர்! உழைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன். இந்தக் கதை அன்றோடு முடிந்துவிட்டதா?

1990களில் கடலோரக் கிராமச் சாலைகளை இணைத்து, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவானது. 2002 முதல் சுங்கச் சாலையானது. அதுவரை மரக்காணம் ஜனங்கள் நடந்து போன வழி, அன்று முதல் பிறர் பறந்து போகும் வழியானது.

இப்போது அடுத்த கட்டம். மரக்காணம் - புதுச்சேரி 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2,157 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதெல்லாம் மூன்றே கேள்விகள்தான்.

ஒன்று: இந்தப் பக்கம் குப்பம், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், சந்தை, உப்பளம். நான்கு வழியில் வாகனங்கள் சீறும்போது மீன்கூடையோடு வரும் தாய்மார்கள் எப்படிக் கடப்பார்கள்? எங்கெங்கே சுரங்கப்பாதை?

இரண்டு: திண்டிவனம், வானூர் பகுதி ஏரிகளின் உபரிநீர் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டு முகத்துவாரம் வழியே கடலுக்குப் போகிறது. 2024 நவம்பர் 30ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அத்தனை நீரும் போக வழி விட்டுத்தான் சாலை போடுவார்களா? அல்லது சாலையே அணையாகி ஊரை மூழ்கடிக்குமா?

மூன்று: கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்தில். அங்கே போக மரக்காணத்து ஏழைக்குத் திண்டிவனம் சாலைதான் கதி. சுற்றுலா போகிறவனுக்கு ஆயிரக்கணக்கான கோடி. மனுவோடு போகிறவனின் சாலைக்கு என்ன?

நிலம் கொடுக்கப் போகும் சகோதரர்களே, உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956, பிரிவு 3ஏயின் கீழ் அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள், 3சி பிரிவின்படி எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். 2013ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு 2015 ஜனவரி முதல் நெடுஞ்சாலை நிலங்களுக்கும் பொருந்தும். தொகை போதாதென்றால் நடுவரிடம் முறையிடலாம். தரகர் நீட்டும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்!

21 நாள் தூங்கிவிட்டு இருபது வருடம் அழுது பயனில்லை. கிராம சபையில் கேளுங்கள். தீர்மானமாக எழுதி வாங்குங்கள். கால்வாய் வெட்டிய பாட்டன் பட்டினியில் கிடந்ததால் வாய் திறக்கவில்லை. நமக்கு என்ன கேடு?