கடலடிக்கு ஏற்ற கமரா

பாலாவி என்றதும் திருக்கேதீச்சரத்துத் தீர்த்தத்தையே பலரும் நினைப்பர். நாம் இன்று குறிப்பிடுவது வேறொரு பாலாவி. புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிப் பாதை பிரிகின்ற சந்தி அது. உப்பளமும் சீமெந்து ஆலையும் அதன் அடையாளங்கள். அவ்வூர் மாணவர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளார். காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்து ஸ்கூபா முறையில் சுழியோடக் கற்றுவிட்டாராம். கடலடிக் காட்சிகளை வீடியோவாக எடுப்பதற்கு ‘அக்ஷன் கமரா’ ஒன்று வாங்கச் சிறுகச் சிறுகப் பணமும் சேர்த்திருக்கிறாராம். “எதனை வாங்கலாம்?” என்பது அவருடைய கேள்வி. “தண்ணீரிலே போடும் பணம்” என்பது அவர் தந்தையாரின் தீர்ப்பு! இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகவே இவ்வாரம் இதனையே ஆராய்வோம்.

கடலுக்குள் படம் பிடிக்கும் ஆசை புதியதன்று. பிரான்சிய விஞ்ஞானி லூயி பூத்தான் 1893ஆம் ஆண்டிலேயே அதனைச் செய்து காட்டினார். கூஸ்தோவும் காஞானும் 1943இல் சுவாசக் கருவியைச் செப்பஞ்செய்த பின்னர் மனிதன் மீனைப்போல் உலவத் தொடங்கினான். நம் நாட்டுக்கு 1956இல் வந்து குடியேறிய ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இலங்கைக் கடலடியை உலகுக்குக் காட்டினர். வில்சன் நெறிப்படுத்திய ‘ரன்முத்து தூவ’ என்னும் சிங்கள வண்ணப் படம் 1962இல் வெளிவந்தபோது, கொட்டகையில் அமர்ந்திருந்த பாமரரும் கடலடியைக் கண்டு வியந்தனர். அன்று அதற்குக் கனத்த யந்திரங்களும் பெரும் பொருளும் வேண்டியிருந்தன. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் பெட்டியொன்று அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

இனிக் கேள்விக்கு வருவோம். கடைக்காரர் முதலிற் கூறுவது படத்தின் நுணுக்கத்தைப் பற்றியாகவே இருக்கும். ‘4கே’, ‘8கே’ என்று எண்களை அடுக்குவார். கடலடியில் அவ்வெண்கள் பின்வரிசைக்கு உரியவை. முதற்கண் கேட்க வேண்டியது, ‘இஃது எத்தனை மீற்றர் ஆழம் தாங்கும்?’ என்பதே.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 2024இல் வெளிவந்த கருவிகளை எடுத்துக்கொண்டால், கோப்ரோ ஹீரோ 13 மேலுறையின்றி 10 மீற்றரையும், இன்ஸ்டா360 ஏஸ் புரோ 2 என்பது 12 மீற்றரையும், டீஜேஐ ஒஸ்மோ அக்ஷன் 5 புரோ 20 மீற்றரையும் தாங்கும் என்று அவற்றைச் செய்தோர் கூறுகின்றனர். ஆரம்பச் சான்றிதழ் பெற்ற சுழியோடிக்கு அனுமதிக்கப்படும் ஆழமோ 18 மீற்றர். அப்படியானால் மூன்றாவது கருவி போதுமே என்று தோன்றும். ஆயினும் பற்றரி மூடியின் விளிம்பில் ஒரு மணல் துகள் சிக்கினாற்கூட நீர் உட்புகுந்துவிடும். உப்புநீர் பட்ட மின்கருவி மீள்வது அரிது. ஆதலால் எதனை வாங்கினாலும் 60 மீற்றர் தாங்கும் சுழியோடு மேலுறையையும் உடன் வாங்குவதே விவேகம். மேலுறைக்குப் பணம் போதாதெனில், கமராவில் ஒரு படி இறங்கலாம்; மேலுறையைக் கைவிடலாகாது.

புதிய மேலுறையை முதன்முறை கமராவுடன் இறக்க வேண்டாம். உள்ளே மெல்லிய கடதாசித் துண்டொன்றை மட்டும் வைத்து, மிதக்காதபடி சிறு பாரமும் இட்டுக் கடலுக்குக் கொண்டு செல்க. கடதாசி நனையாது திரும்பினால் மறுமுறை கமராவை நம்பி வைக்கலாம். மேலுறையைப் படகிலே, வெயிலிலே நின்று மூடுவதும் தவறு. ஈரக்காற்று உள்ளே அடைபட்டு, நீருள் இறங்கியதும் கண்ணாடியிற் பனிபோல் படியும். குளிர்ந்த, உலர்ந்த அறையிலேயே மூடி, ஈரம் உறிஞ்சும் சிறு பொதியொன்றையும் உள்ளே வைத்தல் நன்று. கரையேறியதும் நன்னீரில் ஊறவைத்து, இறப்பர் வளையத்தைத் துடைத்துப் பேணல் வேண்டும்.

இரண்டாவது விஷயம் ஒளி. நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. ஐந்தாறு மீற்றரிலேயே சிவப்பு பெரிதும் மங்கிவிடும். அதற்குக் கீழே செம்மீனும் சாம்பல் மீனாகவே தோன்றும். இக்குறையை எந்த விலையுயர்ந்த கமராவும் தானாகத் தீர்த்துவிடாது. நீலக் கடலில், விளக்கின்றி எடுப்போர் செந்நிற வடிகட்டி ஒன்றை வில்லையின் முன் பொருத்துவர். விளக்கு வைத்திருப்போர் வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். விளக்குகளையும் கமராவின் இரு பக்கங்களிலும் சற்று விலக்கிப் பொருத்துதல் அவசியம்; நேர் முன்னே ஒளி பாய்ந்தால் நீரில் மிதக்கும் தூசெல்லாம் வெண்புள்ளிகளாய்ப் படத்தைக் கெடுக்கும். எல்லாவற்றிலும் மலிவான உபாயம் ஒன்றுண்டு: காட்சிக்கு அருகே செல்லுதல். இடையிலுள்ள நீர் குறையக் குறையப் படம் தெளியும்.

மூன்றாவது, கையாளும் எளிமை. திரையைத் தொட்டு இயக்கும் முறை நீருள் பயன்படாது. மேலுறைக்கு வெளியே அழுத்தத்தக்க பெரிய பொத்தான் வேண்டும். ஒரே அழுத்தில் படப்பிடிப்புத் தொடங்க வேண்டும். இரு கைகளாலும் பற்றத்தக்க பிடி ஒன்று இருப்பின் படம் ஆடாது.

இதுவரை கருவியைப் பற்றிக் கூறினோம். இனி உயிரைப் பற்றிக் கூறவேண்டும். நமது மன்னார்க் கடலில் முத்துக் குளித்த முன்னோர் கல்லைக் கட்டி இறங்கினர். மூச்சை அடக்குதலே அவர்தம் கலை. ஸ்கூபா முறையில் இறங்குவோனுக்கு அக்கலையே யமனாகும். 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்பை அடைகையில் இருமடங்காக விரியும். மூச்சை அடக்கியவாறு மேலெழுந்தால் நுரையீரல் கிழியவும் கூடும். கமரா ஆடாதிருக்க வேண்டும் என்று மூச்சைப் பிடிப்பது படம் எடுப்போர் அனைவருக்கும் உள்ள இயல்பு என்பதை மறந்துவிடலாகாது. அழகிய மீன் ஒன்றைத் தொடர்ந்து செல்கையில் காற்றுமானியையும் ஆழமானியையும் துணைவரையும் மறப்பதும் அவ்வாறே. ஆகவே வெறுங்கையுடன் பலமுறை இறங்கி, ஏறாமலும் தாழாமலும் நீரில் நிலைத்து நிற்கப் பழகாதவர் கமராவைத் தொடவே வேண்டாம் என்போம்.

அவ்வாறு நிலைத்து நிற்கத் தெரியாதவரால் கடலுக்கும் கேடுதான். பாலாவியிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் சென்றால் கற்பிட்டி. அதற்கப்பால் திறந்த கடலில் இருக்கிறது 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட ‘பார் ரீப்’ முருகைக்கற் பார். 1998இல் கடல் அளவுக்கு மீறி வெப்பமுற்றபோது அதன் ஆழங்குறைந்த பகுதிகளில் முருகைகள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. ஆண்டுகள் பல சென்று ஓரளவு தளிர்த்தவை 2016இல் மீண்டும் வெளிறின. துடுப்பின் ஓர் உதை, பற்றிக்கொள்ள நீட்டிய ஒரு கை, இவைகூட எஞ்சிய உயிர்களை முறித்துவிடும்.

இங்கேதான் அந்தத் தந்தையாருக்கும் நாம் ஒரு வார்த்தை கூற விரும்புகின்றோம். மகன் நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படுவதற்காக மட்டும் படம் எடுப்பானாயின் தாங்கள் சொன்னது சரியே. ஆனால், சோழகம் ஓய்ந்து கடல் அமைதியுறும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில், ஆண்டுதோறும் ஒரே இடத்தை, ஒரே ஆழத்தில், நாளும் குறித்து அவன் படம் பிடித்து வைப்பானாயின், அது நம் கடலின் நாட்குறிப்பாகும். எது தளிர்த்தது, எது மடிந்தது என்று பின்வருவோர் அறிய அதுவே சாட்சி சொல்லும். அத்தகைய சாட்சிக்கு ‘8கே’ வேண்டியதில்லை. நல்ல மேலுறையும், நிதானமான கையும், அடக்காத மூச்சும் போதும்.

தம்பி, முதலில் மூச்சைப் பழகு. பிறகு மேலுறையை வாங்கு. கமரா அதன்பின் வரட்டும்.