பனிமலைக்குப் போனால் அடுப்புள்ள வீடே நல்லது



இந்தக் குளிர்காலத்தில் மகன் குடும்பத்தோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு மலையில் நான்கு நாள் தங்கினேன். ஓட்டல் அறைக்குப் பதில் காண்டோ எடுத்தோம். சமையலறை, கூடம், படுக்கையறையோடு நாள் வாடகைக்குக் கிடைக்கும் அடுக்குமாடி வீடு அது. படங்களைப் பார்த்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "அவ்வளவு தூரம் போயும் அடுப்படிதானா சித்தி?" என்று கேட்டாள். பலருக்கும் அந்தக் கேள்வி இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

ஸ்னோபேர்ட் எளிய மலை அல்ல. அடிவாரமே நம் ஊட்டியைவிடச் சற்று உயரம். உச்சி 11,000 அடி. அங்கே சரிவுகளைப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று தரம் பிரிக்கிறார்கள். இந்த மலை பேர் வாங்கியது கறுப்பு வைரங்களால்தான். புதிதாகக் கற்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார். என் வயதுக்காரர் சறுக்கவே போவதில்லை. இருவருக்கும் கட்டில் மட்டும் உள்ள அறை போதாது. உட்காரக் கூடம் வேண்டும், ஈர உடையைக் காயப்போட இடம் வேண்டும், சூடாக ரசம் வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் பனிச்சரிவு. அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரே சாலை. பனி கொட்டினால் அதை மூடிவிடுவார்கள். அபாயம் கூடினால் 'இன்டர்லாட்ஜ்' அறிவிப்பார்கள். அதன்பின் கட்டடத்தைவிட்டு யாரும் வெளியே வரக்கூடாது. வந்தால் சட்டப்படி குற்றம். 2021 பிப்ரவரியில் பக்கத்து ஆல்டாவில் இது இரண்டு நாளுக்கு மேல் நீடித்தது. பெரிய ஓட்டலுக்குள் உணவகம் இருக்கும், உண்மைதான். ஆனால் சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கும் கைக்குழந்தைக்கும் வேளைக்கு வேண்டியது நம் கையில் இருப்பதுதான் நிம்மதி.

அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் கீழே சால்ட் லேக் சிட்டியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக் குக்கர் ஒன்றும் வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா?

ஆனால் ஒன்று. காண்டோ எடுத்தால் வீட்டுப் பெண்ணின் விடுமுறை போய்விடும் என்பவர்கள் சொல்வதும் நியாயமே. எல்லோரும் சறுக்கப் போக, மருமகள் மட்டும் அடுப்பின் முன் நின்றால் அவளுக்கு அது என்ன சுற்றுலா? அதனால் முதல் நாளே ஓர் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். காலை உணவு மகன், பாத்திரம் பேரன், ரசமும் சோறும் நான். மருமகள் பயிற்சி வகுப்புக்குப் போனாள். மூன்றாம் நாள் பச்சை வட்டச் சரிவில் விழாமல் இறங்கினாள்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, பெற்றோரை இப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போகுமுன் அந்த உயரம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு அடுப்புள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். சமையல் அட்டவணையில் உங்கள் பெயரை நீங்களே முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்